துட்டு வருது, போவ மாட்டேங்கு: முடங்கிய கணக்கைத் திறக்க ஒரு வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் செராக்ஸ், பிரௌசிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, துட்டு வருது, ஆனா வெளிய போவ மாட்டேங்கு" என்று போனை நீட்டிக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். திரையில் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடிக்கவும் என்றோ, அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்றோ ஏதாவது நிற்கும். வந்தவர் கையில் ஆதார் அட்டை தயாராக இருக்கும். "இதை ஸ்கேன் பண்ணி அனுப்பிருங்க" என்பார். நான் உடனே ஸ்கேன் செய்வதில்லை. முதலில் உட்காரச் சொல்வேன்.

என் அனுபவத்தில் கணக்கு முடங்கியதால் கெட்டவர்களைவிட, முடங்கியதும் பதறிப்போய் கையில் கிடைத்த ஆவணத்தையெல்லாம் அனுப்பியதால் கெட்டவர்கள்தான் அதிகம். ஆதாரில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர் என்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், அந்தப் பக்கம் பார்ப்பவருக்குச் சந்தேகம் தீராது, கூடத்தான் செய்யும்.

முடக்கியது யார்?

ஜிபே, போன்பே போன்ற யுபிஐ செயலிக்குள் பணம் இருப்பதில்லை. பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, செயலி வெறும் கதவு. செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது எல்லோரும் முதலில் செய்கிற வேலை, அதனால் ஒரு பயனும் இல்லை. ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பாருங்கள். அங்கே வருகிறது, செயலியில் மட்டும் போகவில்லை என்றால் பூட்டு செயலியில். ஏடிஎம்மிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பூட்டு வங்கியில்.

வாலெட் சமாச்சாரம் வேறு. அதில் பணம் அந்த நிறுவனத்திடமே கிடக்கிறது. போன் நம்பரும் ஏதோ ஓர் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் திறந்த சின்ன வாலெட்டில் மாதம் 10,000 ரூபாய், வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் வரைதான் ஏற்றலாம். அதைக் கடையில் செலவழிக்கலாம், இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. இது முடக்கம் இல்லை, விதியே அப்படி. முழு கேஒய்சி முடித்தால் 2 லட்சம் வரை இருப்பு வைக்கலாம், அனுப்பவும் செய்யலாம்.

வங்கியில்தான் பூட்டு என்று தெரிந்தால் கிளைக்குப் போய் ஒரே கேள்வியை நேராகக் கேளுங்கள்: "கேஒய்சி பாக்கியா, செயல்படாத கணக்கா, இல்லை லியன், அதாவது பணத்தை எடுக்க முடியாதபடி தடை, போட்டிருக்கிறதா?" சும்மா "கணக்கு வேலை செய்யவில்லை" என்று சொன்னால் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷம் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு தானாகவே செயல்படாத கணக்கு ஆகிவிடும். அது சுலபமாகத் தீரும். கேஒய்சி பாக்கியும் தீரும், அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

லியன் என்றால் கதை வேறு. எங்கோ ஒருவர் ஆன்லைனில் ஏமாந்து 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுத்திருப்பார். அந்தப் பணம் நாலைந்து கணக்குகள் தாண்டி உங்களிடம் பொருள் வாங்கியவர் மூலமாக உங்கள் கணக்குக்கு வந்திருக்கும். போலீஸ் கேட்டுக்கொண்டதால் வங்கி அந்தத் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறது. இதற்கு ஆதாரைப் பத்துத் தடவை கொடுத்தாலும் பலன் இல்லை. புகார் எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் வெளிமாநிலமாக இருக்கும். அந்த அதிகாரிக்கு பில், வாட்ஸப் பேச்சு, கூரியர் ரசீது எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நெல்லையில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே கேட்கலாம். பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்தால் யாரும் தேடி வந்து விடுவிக்கப் போவதில்லை.

அந்த மெசேஜ் உண்மைதானா?

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இன்று இரவுக்குள் கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கு மூடப்படும்" என்று லிங்க்கோடு வருகிற மெசேஜை நம்ப வேண்டாம். ஏபிகே கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) ஒன்றை இறக்கச் சொன்னாலோ, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ அது திருட்டு, மேலே யோசிக்கவே வேண்டாம். கேஒய்சி சரிபார்ப்புக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்வதும் அப்படித்தான்.

உண்மையான வங்கி திடீரென்று கத்தாது. கேஒய்சி புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் மூன்று முறையாவது தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபால் கடிதமாக இருக்க வேண்டும் என்பது 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. தேதி தாண்டிய பிறகும் மூன்று நினைவூட்டல்கள் உண்டு. வங்கிகளின் இணைய முகவரிகளும் 2025 அக்டோபர் கடைசிக்குள் '.பேங்க்.இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. லிங்க்கை அழுத்தாமல் செயலியை நேராகத் திறந்து உள்ளே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்காமல் 1930க்குப் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு பணம் மிஞ்சும்.

இனிஷியல் என்கிற வில்லங்கம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் கேஒய்சி தடைப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் பெயர்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்பதில்லை, விரித்து எழுத வேண்டும். ஆகவே பானில் 'இசக்கியம்மாள் சுடலைமுத்து' என்று வரும். பள்ளிச் சான்றிதழில் 'சு. இசக்கியம்மாள்'. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் எடுத்தவர் என்றால் கணவர் பெயரின் இனிஷியல் வந்து உட்கார்ந்திருக்கும், 'மு. இசக்கியம்மாள்'. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். ஊருக்குள் நாலும் ஒரே பெண்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு நாலு பேர்.

போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். இசக்கியை 'ஐ' எழுத்தில் தொடங்குவதா 'ஈ' எழுத்தில் தொடங்குவதா என்று ஒரே வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் ஒத்துப்போவதில்லை. பேச்சியம்மாளுக்கு நடுவில் 'டி' உண்டா, லட்சுமிக்கு 'எக்ஸா' 'கே-எஸ்-ஹெச்சா', நெல்லையப்பனுக்கு எத்தனை 'பி'? எழுதியது நாம் இல்லை, அன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர். ஆனால் நஷ்டம் நமக்கு.

அதனால் எதையும் அனுப்பும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆதார், பான், வங்கிப் புத்தகம், செயலி என்று நாலு வரி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக எழுதுங்கள். இடைவெளியும் புள்ளியும் விடாமல் எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய ஆதாரில் வெறும் வருஷம் மட்டும் இருக்கும், அதுவும் ஒரு முட்டுக்கட்டைதான். என் கடையில் இந்தத் தாளை எழுதி முடித்ததும் பாதிப் பேர் "அட, இதுதானா" என்று சொல்லிவிடுவார்கள்.

விலாசத்திலும் இதே கூத்துதான். தென்காசி 2019 நவம்பர் 22ஆம் தேதி தனி மாவட்டமானது. ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் ஆதாரில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. வயதானவர்களின் பழைய பத்திரங்களில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று பார்த்திருக்கிறேன். வெளியூரில் உட்கார்ந்து ஆவணம் பார்ப்பவருக்கு இதெல்லாம் மூன்று வேறு இடங்கள். மாவட்டம் பிரிந்ததை ஒரே வரியில் விளக்கிச் சொன்னால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

எதை முதலில் திருத்துவது?

இதில் வரிசை முக்கியம். முதலில் ஆதாரோடு இணைந்த மொபைல் எண். அது கையில் இல்லாவிட்டால் எந்த ஓடிபியும் வராது, எந்த வேலையும் நகராது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் இப்போது வேறொருவரிடம் இருக்கலாம். தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ போய்ப் புது எண்ணை ஏற்றுங்கள், கட்டணம் 75 ரூபாய்.

அதன்பிறகு பெயர். எந்த ஒரு பெயரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள், ஏனென்றால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். பாஸ்போர்ட் இருப்பவர்கள் அதில் உள்ளபடியே மற்றதை மாற்றுவது நல்லது. இல்லாதவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொள்ளலாம். பான் கார்டில் திருத்தம் தேவைப்பட்டால் புரோட்டியன் அல்லது யுடிஐஐடிஎஸ்எல் தளத்தில் செய்யலாம்.

பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள். 2023 ஜூன் 30க்குள் இணைக்காத பான்கள் செயலிழந்தன. 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டி இணைத்தால் உயிர் வரும். கணக்கை முடக்கியது இந்த ஒரு விஷயம்தான் என்று தெரியாமல் மூன்று மாதம் அலைந்த ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும்.

இவை சரியானதும் வங்கி, கடைசியாகச் செயலி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வங்கியில் நேரமும் காகிதமும் மிச்சமாகும் ஒரு வழி உண்டு. உங்கள் விவரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் 'மாற்றம் இல்லை' என்று நீங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். நெட்பேங்கிங், பதிவு செய்த மொபைல், ஏடிஎம் வழியாகவே கொடுக்கலாம். ஊருக்குள் வரும் வங்கி முகவரிடமும் கொடுக்கலாம். விலாசம் மட்டும் மாறியிருந்தால் அதையும் உறுதிமொழியாகவே தரலாம், வங்கி இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளும். கிளையில் "நேரில்தான் வரணும், எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று சொன்னால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இந்தப் புதுப்பித்தல் எல்லாருக்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. வங்கி உங்களைக் குறைந்த ஆபத்து என்று வைத்திருந்தால் 10 வருஷத்துக்கு ஒரு முறை, நடுத்தரம் என்றால் 8, அதிகம் என்றால் 2.

இன்னொன்று. நம்மவர்கள் பெரிதாக நம்புகிற ரேஷன் ஸ்மார்ட் கார்டு கேஒய்சிக்கு அதிகாரபூர்வ அடையாளச் சான்று இல்லை. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவை செல்லும். பானும் தேவை, ஆனால் அது விலாசத்துக்குச் சான்று ஆகாது.

விரல் ரேகை பதியவில்லை என்றால்

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் அக்காமாருக்கு இது தினசரித் தலைவலி. இலையும் தூளும் உருட்டி உருட்டி ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் பத்து முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். விரல் ஒன்றுதான் வழி என்று இல்லை. ஓடிபி வழியாகச் செய்யலாம், கண் விழியால் செய்யலாம், முகத்தாலும் செய்யலாம். எதுவும் நடக்காவிட்டால் அசல் ஆவணத்தைக் காட்டிக் காகித முறையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முகம் காட்டும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லும் செயலிகள் உண்டு. கண் பார்வை இல்லாதவர்கள், கண் அறுவை செய்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி டிஜிட்டல் கேஒய்சி முறையை மாற்ற வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "சிமிட்டினால்தான் ஆச்சு" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

போட்டோவும் வீடியோவும்

செராக்ஸின் செராக்ஸைப் படம் எடுக்காதீர்கள், அசலை எடுங்கள். லேமினேஷன் போட்ட அட்டையில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழும். வாசல் வெளிச்சத்தில் வைத்து நாலு மூலையும் தெரிய எடுங்கள்.

இ-ஆதார் பிடிஎஃப் ஏற்றுபவர்கள் செய்யும் தவறு ஒன்று, நான் சொல்லிச் சொல்லிச் சலித்தது. அந்தக் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. அப்படியே ஏற்றினால் அந்தப் பக்கம் திறக்காது, 'தெளிவாக இல்லை' என்று நிராகரித்துவிடுவார்கள். பாஸ்வேர்டு என்பது பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். இங்கேயும் இனிஷியல் வந்து நிற்கும். பி. குமார், 1990 என்றால் பி, புள்ளி, கே, யு, பிறகு 1990. புள்ளியும் ஓர் எழுத்துதான்! திறந்த பிறகு பிரிண்ட் கொடுத்து, புது பிடிஎஃப்பாகச் சேமித்து ஏற்றுங்கள். இல்லையென்றால் அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகப் பகிருங்கள், அது எல்லாவற்றையும்விட நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனை வீட்டில் பீரோவோடு காகிதம் ஊறிப்போனது என்று நமக்கே தெரியும்.

வீடியோ கேஒய்சியில் வங்கி ஊழியர் நேரலையில் வருவார். அசல் பான் கையில் இருக்க வேண்டும், லொக்கேஷன் ஆன் செய்திருக்க வேண்டும், சிக்னல் வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் அம்பாசமுத்திரத்துக்கு வந்து செய்வது உத்தமம். வளைகுடாவில் இருக்கும் கடையநல்லூர், ஏர்வாடி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இந்த வீடியோ அழைப்பு இந்தியாவுக்குள் இருந்தால்தான் நடக்கும். இங்கே இருந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அங்கே போன பிறகு என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான ரூபாய்க் கணக்காக) மாற்றியாக வேண்டும். மாற்றாததே பல முடக்கங்களுக்குக் காரணம்.

விற்பனை செய்பவர்களுக்கு

எங்கள் சித்தி கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறாள். மகள் ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி செய்து கொடுத்தாள். தீபாவளி ஆர்டர் முப்பதாயிரத்துக்கு மேல் ஏறியதும், பணம் வசூலித்துக் கொடுக்கும் அந்த நிறுவனம் தொகையை நிறுத்திவிட்டு ஆவணம் கேட்டது. சித்தியின் ஆதாரை மகள் அனுப்பினாள். மறுநாள் பானை அனுப்பினாள். அதற்கடுத்த நாள் ரேஷன் கார்டு. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புது விண்ணப்பமாகக் கணக்கிட்டு வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். என்னிடம் வரும்போது ஐந்து டிக்கெட் எண்கள், அதாவது கோரிக்கைப் பதிவு எண்கள், இருந்தன, ஒன்றுக்கும் பதில் இல்லை.

பார்த்தால் பானில் தாத்தா பெயர், ஆதாரில் சித்தப்பா இனிஷியல், பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு மகள் பெயரில். இந்த மூன்றாவதுதான் உண்மையான முட்டு. தொழில் யார் பெயரிலோ அவர் பெயரில்தான் கணக்கு இருக்க வேண்டும். கணக்கைச் சித்தி பெயருக்கு மாற்றினோம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்தோம், அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, சிறு உற்பத்தியாளருக்கு வருஷம் 100 ரூபாய். பிறகு ஐந்தையும் விட்டுவிட்டு முதல் டிக்கெட்டிலேயே எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினோம்.

வெளிநாட்டு வேலை செய்து பேபாலில் பணம் வாங்கும் தம்பிகளுக்குச் சுருக்கமாக: 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பேபாலில் பணம் அனுப்பிக்கொள்ள முடியாது, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும்தான். பானில் உள்ள பெயரே கணக்கிலும் வங்கியிலும் இருக்கட்டும். என்ன வேலைக்கான பணம் என்ற பர்ப்பஸ் கோடைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுத்தி வைத்தால் 180 நாள் வரை வைத்திருக்க அவர்கள் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது.

முப்பது நாள்

எல்லாம் சரியாகக் கொடுத்தும் நகரவில்லை என்றால் புகார். கஸ்டமர் கேரில் பேசுவது கணக்கில் சேராது, மெயில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"என் கணக்கு இந்தத் தேதியிலிருந்து முடங்கியுள்ளது. நீங்கள் கேட்ட இன்னின்ன ஆவணங்களை இந்தத் தேதியில், இந்த டிக்கெட் எண்ணில் கொடுத்துவிட்டேன். ஆதாரில் உள்ள இனிஷியலும் பானில் உள்ள முழுப்பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை. இன்னும் என்ன ஆவணம் தேவை, அல்லது எந்தக் காரணத்தால் நிராகரிக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும், அவர் முகவரி தளத்தின் அடியில் இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் கட்டணம் இல்லாமல் பதியலாம். 14448 எண்ணில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதைச் செய்யாமல் நேராக மேலே போனவர்களின் புகார் திரும்பி வந்துவிடும். தரகர் யாராவது "நான் முடிச்சுத் தாரேன்" என்று காசு கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு திறந்துவிட்டது என்று மெசேஜ் வந்ததும் மொத்தத்தையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள், திடீரென்று பெரிய தொகை போனால் மறுபடி சந்தேகக் கொடி ஏறும். வீட்டில் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போனால் மறுநாள் கொஞ்சம், அப்புறம் மீதி.

சித்திக்குப் பணம் பதினோராம் நாள் வந்தது. தீபாவளி முடிந்துவிட்டது. போன வாரம் அப்பளப் பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க வேண்டும் என்று வந்தாள். பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டேன். பர்ஸிலிருந்து பான் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.